சுற்றுலாப் பயணியின் வயிற்றுவலியும் வல்லுநர் அறிக்கையும்

மழை ஓய்ந்து மேகம், பெரியார், கவியம் அருவிகளில் தண்ணீர் விழத் தொடங்கினால் கல்வராயன் மலைக்கு வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலையேறுவோரும், வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் தங்குவோரும் நம் வணிகர்களின் கடைகளில்தான் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கடலை மிட்டாய், சிப்ஸ், முறுக்கு வாங்குகிறார்கள். திரும்பும்போது தேனும் சாமையும் புளியும் வாங்கிப் போகிறார்கள். கள்ளக்குறிச்சி மொத்தக் கடைகளிலிருந்து மலைக்குச் சரக்கு ஏறுவதும் இவர்களை நம்பித்தான். வியாபாரம் பெருகுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் விற்பனை கூடும்போது பொறுப்பும் கூடவே வரும்.

உள்ளூர் வாடிக்கையாளருக்குச் சரக்கில் குறை தெரிந்தால் மறுநாள் கடைக்கே வந்து சொல்வார், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சுற்றுலா வந்தவர் அப்படியல்ல. வீட்டுக்குப் போன பிறகு வாந்தி, பேதி என்று படுத்தால் அவர் போவது மருத்துவமனைக்கு, அதன்பின் வழக்கறிஞரிடம். சில வாரம் கழித்து, "உங்கள் கடைப் பண்டத்தால் உடல் கெட்டது, இழப்பீடு தருக" என்று நோட்டீஸ் வரும். அதனுடன் மருத்துவர் சான்றோ ஆய்வுக்கூட அறிக்கையோ இணைக்கப்பட்டிருக்கும்.

இதைப் பார்த்ததும் நம்மவர்கள் செய்யக்கூடிய தவறுகள் இரண்டு. "டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், இனி என்ன பேசுவது" என்று அஞ்சிக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவது ஒன்று. "எங்கேயோ இருக்கிறவன் என்ன செய்துவிடுவான்" என்று நோட்டீஸைக் கல்லாப்பெட்டியில் போட்டு மறந்துவிடுவது மற்றொன்று. இரண்டில் பின்னதே அதிகம் கெடுதல் செய்யும். ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

வழக்கு எந்த ஊரில்?

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொதுவாக எதிர்த்தரப்பினர் தொழில் செய்யும் இடத்திலோ வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சி நடந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. அதன் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், புகார் கொடுப்பவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. வெள்ளிமலையில் வாங்கிய பண்டத்துக்குச் சென்னையிலோ கோவையிலோ வழக்கு வரலாம். நிகழ்ச்சி நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி.

நோட்டீஸும் புகார் நகலும் நம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நம் தரப்பு எதிருரையைக் கொடுத்தாக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 15 நாள் கிடைக்கலாம். இந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் மாதம் தீர்ப்பளித்துவிட்டது. அது 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு என்றாலும், அதே காலக் கெடு புதிய சட்டத்திலும் இருக்கிறது. தூரத்தைக் காரணம் காட்டிப் பயனில்லை. காணொலி வழியாகத் தம்மை விசாரிக்கக் கோரி மனுச் செய்ய மட்டும் சட்டத்தில் இடமுண்டு.

சுற்றுலாப் பயணியும் முழு நுகர்வோரே. கோவளத்தில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி நீச்சல் குளத்தில் 2006-இல் ஒருவர் மூழ்கி இறந்தார். உயிர்காப்பாளரை மதுக்கூட வேலையையும் சேர்த்துப் பார்க்க வைத்திருந்தது அந்த வழக்கில் வெளிவந்தது. குடும்பத்தாருக்கு 62 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கச் சொன்ன ஆணையை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அரசுக் கழகத்துக்கே இந்த நிலை என்றால் தனியார் கடைக்காரருக்கு விலக்கு ஏது?

வல்லுநர் சொன்னால் போதுமா?

சாதாரண சாட்சி தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்ல வேண்டும். தம் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. இதற்கு விலக்குப் பெற்றவர் வல்லுநர். மருத்துவம், விஞ்ஞானம் போன்ற துறைகளில் தனித் தேர்ச்சி உடையவரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் இது 39-ஆம் பிரிவு. ஒருவர் கருத்துச் சொன்னால் அக்கருத்துக்கான காரணங்களும் விசாரணைக்கு உரியவையே என்று அதன் 45-ஆம் பிரிவு சொல்கிறது. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தின் ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்றாலும், இந்த அடிப்படைகளை அங்கும் பார்க்கிறார்கள்.

ஒன்றை நாம் பிரித்தறிய வேண்டும். அறிக்கையை வழக்கில் ஏற்பது வேறு. அதை நம்புவது வேறு. சந்தைக்கு வந்த மூட்டையை எல்லாம் தராசில் வைக்கலாம்; எடை எவ்வளவு என்பது வைத்த பிறகுதான் தெரியும். வல்லுநர் அறிக்கையின் எடை அதில் உள்ள காரணங்களே.

இமாச்சலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்கள் பற்றிய ஒரு வழக்கில், விளைச்சலை மதிப்பிட்டுச் சொன்ன தோட்டக்கலை அலுவலரின் சாட்சியம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1999-இல் அளித்த தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னதன் சாரம்: வல்லுநர் நிகழ்ச்சியைக் கண்ட சாட்சி அல்லர், அவர் சொல்வது ஆலோசனை, தாம் வந்த முடிவு சரியா என்பதை நீதிபதியே சோதித்துப் பார்ப்பதற்கான அளவுகோல்களை அவர் கொடுக்க வேண்டும். 2009-இல் ஒரு மருத்துவமனை வழக்கிலும், ஆதாரமும் அடிப்படையும் காட்டாத வெறும் கூற்று வல்லுநர் வாயிலிருந்து வந்தாலும் சாட்சியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே "டாக்டரே சொல்லிவிட்டார்" என்பது வழக்கின் முடிவல்ல.

பதில் சொல்லாததன் விலை

அப்படியானால் காரணமில்லாத அறிக்கை தானாகவே தள்ளுபடியாகிவிடும் என்று வாளாவிருக்கலாமா? இருக்கக் கூடாது என்பதற்கு, விடுமுறைப் பயணம் ஒன்றில் எழுந்த இங்கிலாந்து வழக்கு நல்ல பாடம்.

கிரிஃபித்ஸ் என்பவர் 2014-இல் டியூஐ என்ற பெரிய சுற்றுலா நிறுவனத்தின் மூலம் குடும்பத்துடன் துருக்கிக்குப் போனார். உணவும் சேர்த்துக் கட்டணம் கட்டிய விடுதி. அங்கே கடுமையான வயிற்றுக் கோளாறு கண்டது. விடுதி உணவே காரணம் என்று நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். ஹியூ பென்னிங்டன் என்ற புகழ்பெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியரின் அறிக்கையைத் தாக்கல் செய்தார். விடுதி உணவே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்றது அறிக்கை. ஆனால் அவர் விடுதிக்கு வெளியே சாப்பிட்டதும் உண்டு. அது ஏன் காரணமாக இருக்க முடியாது என்பதை அறிக்கை போதிய அளவு விளக்கவில்லை.

நிறுவனம் என்ன செய்தது? தன் தரப்பில் வேறு நுண்ணுயிர் வல்லுநரின் அறிக்கையை நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை. பேராசிரியரைக் குறுக்கு விசாரணைக்கும் அழைக்கவில்லை. வழக்கின் கடைசியில், வாதத்தின்போது மட்டும் "அறிக்கையில் காரணம் போதாது" என்றது. கீழ்க்கோர்ட்டு அதை ஏற்று வழக்கைத் தள்ளியது. 2020-இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுபடியும் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2023 நவம்பர் 29 அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கிரிஃபித்ஸுக்கே வெற்றி என்றது. ஒரு சாட்சி சொன்னதை ஏற்கவில்லை என்றால் அவர் பதில் சொல்லும்படி உரிய நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். வாய்ப்பிருந்தும் கேட்காமல் விட்டுக் கடைசியில் குறை சொல்வது முறையாகாது என்பதே தீர்ப்பின் சாரம். முழுக்க ஆதாரமற்ற வெற்றுக் கூற்றாக இருந்தால் போன்ற சில விலக்குகளை மட்டும் சொன்னது. நிறுவனம் கொடுக்க வேண்டி வந்தது 29 ஆயிரம் பவுன்.

அந்தத் தீர்ப்பு நம் நாட்டு ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் நமக்குப் புதிதல்ல. பேரேட்டில் வந்த கணக்கை உடனே மறுக்காமல் வருடம் முடிந்த பின் "அந்த ஐட்டம் நான் வாங்கவில்லை" என்றால் எந்த மண்டிக்காரர் ஒப்புக்கொள்வார்?

கேள்வி கேட்க நம்மிடமும் வழி உண்டு. நுகர்வோர் ஆணையங்களில் பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரங்களை வைத்தே வழக்கு நடக்கிறது. வல்லுநரைக் கேட்க விரும்புவோர், ஆணையம் தக்கது என்று கருதினால், கேள்விகளை எழுத்தில் கொடுத்து எழுத்திலேயே பதில் பெறலாம். காணொலி, தொலைபேசி வழியாகவும் கேட்கலாம், அதற்கான செலவு கேட்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் வழி காட்டியிருக்கிறது.

என்ன கேட்பது?

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை மலையில் ஒரு கடையில் கடலை மிட்டாய் வாங்கித் தின்ற ஒருவருக்கு ஞாயிறு இரவு வாந்தி. மருத்துவர் "உணவு நஞ்சாதல்" என்று எழுதுகிறார். நோய் என்ன என்பதற்கு அது சான்று. எந்தக் கடைப் பண்டத்தால் என்பதற்கு அது சான்றாகாது. அந்தப் பகுதி பெரும்பாலும் நோயாளி சொல்லி எழுதியதாகவே இருக்கும்.

கடைசியாகத் தின்றதுதான் கெடுதல் செய்தது என்று எல்லாரும் நினைப்பது இயல்பு. கிருமிகளின் கணக்கு வேறு. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு உணவில் இருந்தால் அரை மணி முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நோரோ வைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரம். சால்மொனெல்லா என்றால் 6 மணி முதல் 6 நாள் வரை ஆகலாம். தண்ணீர் வழியாகப் பரவும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வேலையைக் காட்டப் பெரும்பாலும் 1 முதல் 2 வாரம் ஆகும். எனவே கிருமி எது என்று சோதிக்காமல் நேரத்தையோ கடையையோ சுட்டுவது கடினம். நாம் கேட்க வேண்டியவை:

1. மலம் அல்லது வாந்தி சோதிக்கப்பட்டதா? எந்தக் கிருமி கண்டது?
2. அந்தக் கிருமிக்கான கால அளவு, பண்டம் தின்ற நேரத்தோடு பொருந்துகிறதா?
3. முந்தைய சில நாட்களில் வேறெங்கு என்னென்ன சாப்பிட்டார்? அருவி நீரைக் குடித்தாரா? அவற்றை ஏன் ஒதுக்கினீர்கள்?
4. அதே பண்டத்தைத் தின்ற மற்றவர்களுக்கும் உடல்நலம் கெட்டதா?
5. எந்தெந்த ஆவணங்களைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?

ஆய்வுக்கூட அறிக்கை வந்தால்

பண்டத்தின் குறையைச் சோதனையின்றி அறிய முடியாது என்றால், நுகர்வோர் ஆணையம் புகார்தாரரிடம் மாதிரி வாங்கி முத்திரையிட்டு உரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 45 நாளில் அறிக்கை கேட்கப்படும். முடிவிலோ சோதனை முறையிலோ நமக்கு ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். பிரித்த பொட்டலம் வாங்கிய நாளிலிருந்து சோதனைக்குப் போகும்வரை யாரிடம், எந்தச் சூட்டில் இருந்தது என்று கேட்பதும் நியாயமான ஆட்சேபமே.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் நேரில் கடைக்கு வந்து மாதிரி எடுத்தால் அது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் வரும். மாதிரி 4 பங்காகப் பிரிக்கப்படும். ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலருக்கு. மீதி ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி நாமே கேட்கலாம், செலவு நம்முடையது. இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால் பரிந்துரை ஆய்வுக்கூடத்தின் முடிவே இறுதியானது. இந்த உரிமையை மாதிரி எடுக்கும் நேரத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கையை ஒப்புக்கொள்ளவில்லை என்றால், நகல் கிடைத்த 30 நாட்களுக்குள் 8-ஆம் படிவத்தில் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வுரிமையின் அருமையை உணர ஒரு பழைய வழக்கைச் சொல்லலாம். 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, தில்லியில் கீசாராம் என்ற தயிர் வியாபாரி மீது மாநகராட்சி வழக்குத் தொடர்ந்தது. மத்திய உணவு ஆய்வுக்கூடத்தில் மறுசோதனை கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் வழக்குத் தொடரத் தாமதமானதால் அவரிடமிருந்த பங்கு கெட்டுப்போய்ச் சோதிக்க முடியாமல் ஆயிற்று. மறுக்கும் வாய்ப்பே இல்லாமல் போன அறிக்கையை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்ததை உறுதி செய்தது. அந்த வியாபாரி வாய்ப்பைக் கேட்டதால்தான் அந்த நியாயம் கிடைத்தது.

வல்லுநருக்கும் மேலான சாட்சி

பண்டம் கெட்டிருந்தது என்றே மெய்ப்பட்டாலும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி மீதமிருக்கிறது. அதற்கு விடை நம் கொள்முதல் பில்லில் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளர் சில நிலைகளில்தான் சரக்கின் குறைக்குப் பொறுப்பாவார். அவற்றுள் ஒன்று, தயாரித்தவர் யார் என்று தெரியாமல் போவது. உணவுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும், யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மேலிருந்து சரக்குக் கொடுப்பவரின் பில்லையே தரத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பில்லை வாங்கிக் கோப்பில் வைத்தவர் மொத்த வியாபாரியையும் தயாரிப்பாளரையும் காட்டலாம். "பில் வேண்டாம், வரி மிச்சம்" என்று வாங்கியவர் தனியே நிற்க வேண்டியதுதான்.

பில் இருந்தாலும் காலாவதியான சரக்கை விற்றதற்கும், வெயிலிலும் ஈரத்திலும் போட்டுக் கெடுத்ததற்கும் விற்றவரே பொறுப்பு. காலாவதி தேதி கடந்த பொட்டலம் மேசைமேல் இருந்தால் வல்லுநரே தேவைப்படாது. எல்லா வழக்கிலும் வல்லுநர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-இல் ஒரு மருத்துவ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வாதாடுவதைவிட வருத்தம் தெரிவித்து முடித்துக்கொள்வதே வணிகனுக்கு அழகு. உணவால் சாதாரணப் பாதிப்பு நேர்ந்தால் 1 லட்சம் வரையும், கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரையும், உயிரிழப்பு என்றால் 5 லட்சத்துக்குக் குறையாமலும் இழப்பீடு விதிக்க உணவுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதையும் மறவாதிருப்போம்.

மலையில் பில் இல்லாமல் வரும் தேன், சாமை, புளி ஆகியவற்றுக்கும் ஒரு சிட்டை வைப்பது நல்லது. யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு வாங்கியது என்ற மூன்று விவரமும் கொடுத்தவர் கையெழுத்தும் இருந்தால் போதும்.

கடையில் செய்ய வேண்டியவை

கொள்முதல் பில்லைக் குறைந்தது 3 ஆண்டு பத்திரப்படுத்துங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் கணக்குகளை ஆண்டு விவர அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. பொட்டலங்களின் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் வாரம் ஒரு முறை பாருங்கள். புகார் வந்த அன்றே அதே தொகுதியின் மீதச் சரக்கை விற்காமல் தனியே எடுத்து வைத்து மொத்த வியாபாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நோட்டீஸ் உறையின் மேல் அது கிடைத்த தேதியை எழுதுங்கள். 30 நாள் கணக்கு அன்றே தொடங்கிவிடும். அந்த வாரமே சங்க நிர்வாகிகளையோ வழக்கறிஞரையோ பாருங்கள்.

தராசு முள் எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்வது ஆணையம். அதில் நம் பக்கத்துத் தட்டு காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. ஒரு கோப்பு நிறையப் பில்லும், காலத்தில் கேட்ட நான்கு கேள்வியும் அதற்குப் போதும்.